ஓகஸ்ட் நேரசூசி

கலண்டர்த் தாளின் பின்பக்கம்
அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன்.
காலை பத்து முதல் பத்தரை: கேதுஷன்.
பத்தரை முதல் பதினொன்று: யர்ஷிகா.
பின்னேரம் இன்னுமொரு அரை மணி,
அதுவும் கோழிக்குத் தண்ணி வைத்தால்.
சாப்பிடும்போது இல்லை.
நுளம்பு வலைக்குள் இல்லவே இல்லை.
கடைசி வரியைச் சிவப்புப் பேனையால் எழுதினேன்.

கண்ணாடி வெடித்த பழைய போன் அது.
வீட்டில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகவேண்டும்;
சோறு தின்றார்களா என்று
வேறெப்படி நான் கேட்பது?

வேலை, ஆரையம்பதிச் சந்தியில் ரீலோட் கடை.
லீவு விட்டால் முதலாளி முகத்தில் திருவிழா.
உண்டியல் துரு மணக்கும் சில்லறையோடு
பொடியன்கள் வருகிறார்கள்.
"ஆருக்கு மனே டேட்டா?"
"அம்மாக்கு."
"ஆருக்கு இந்த கேம் கார்ட்?"
"அதுவும் அம்மாக்கு."
இந்த ஊர் அம்மாமாரெல்லாம்
இரவிரவாகத் துவக்குச் சண்டை பிடிக்கிறார்கள் போலும்.
எண்ணி வாங்கி லாச்சியில் போடுகிறேன்.
மாதம் முடிய
அதிலிருந்துதான் எனக்குச் சம்பளம்.

கச்சான் அடிக்கிறது.
கூரைத் தகரம் தொட்டால் தோல் வரும்.
வாவிப் பக்கம் போகாதே என்றேன்.
கடலுக்குப் போகவே போகாதே.
றோட்டில் பஸ்காரன் கண்மண் தெரியாமல் வாறான்.
மறுகா,
போனையும் வை என்றேன்.
"அப்ப எங்கதான் போற?" என்று கேட்டான் கேதுஷன்.
கேள்வி சரிதான்.
சரியாக இருந்ததால்தான் அடித்தேன்.

கரண்ட் பில் தேடிய இரவில்
யர்ஷிகாவின் கொப்பி அகப்பட்டது.
நாலாம் வகுப்பு மொனிட்டர் அவள்,
கதைக்கிற பிள்ளைகளின் பேரெழுதிப் பழகிய கை.

*அம்மா. 8.50 – 9.15. மீன் பொரிக்கிற வீடியோ. நமக்கு முட்டை.*
*அம்மா. 9.20. பூனை. சிரிச்ச.*
*அம்மா. 9.40. அப்பாட பேர். ஒண்டும் எழுதல்ல. 12 நிமிஷம்.*
*அம்மா. நுளம்பு வலைக்குள்.*

கடைசி வரிக்குக் கீழே கோடு,
என் சிவப்புப் பேனையால்.

வாழைச்சேனையிலிருந்து போட் ஏறியவர்.
கரை மறைந்தால் சிக்னலும் மறையும்.
பேருக்குக் கீழே
கடைசியாகக் கண்ட நேரம் மட்டும் கிடக்கிறது:
மூன்றாம் திகதி, விடிய 4.12.
அது மாறாது என்று எனக்குத் தெரியும்.
ரீலோட் விற்கிறவளுக்குத் தெரியாதா?
ஆனாலும் போர்வைக்குள் அதைத் திறப்பேன்,
மூடுவேன்,
இடையில் ஒரு பூனை வந்தால் அதையும் பார்ப்பேன்.

ஞாயிறு கடை இல்லை.
நேரசூசியில் என் பேருக்கும் ஒரு கோடு போட்டேன்.
பேரம் தொடங்கியது.
எனக்கு அரை மணி கூட என்றார்கள்,
நான் உழைக்கிறவள் என்றேன்,
நாங்க படிக்கிற ஆக்கள் என்றான்
லீவில் ஒரு கொப்பியும் தொடாதவன்.
பிறகு, எங்கேயோ பார்த்தபடி,
"அப்பாட பேரப் பாக்கிறது கணக்கில்ல" என்றான்.
"கணக்குத்தான்," என்றாள் மொனிட்டர்.
"எங்களுக்குக் காட்டாமப் பாக்கிறாவே."

பத்து மணிக்கு மூவரும் குந்தினோம்,
என் போனுக்கு முன்னால்.
மூன்றாம் திகதி, விடிய 4.12.
"இப்ப மீன் பிடிபடுமா?" என்றாள்.
"வலை போட்டிருப்பாங்க," என்றான்
எல்லாம் தெரிந்தவன் போல.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
காற்று கதவை ஒருமுறை அடித்தது.

அவள் எழுதினாள்:
*மூண்டு பேர். 10.00 – 10.04.*

"அப்ப என்ட அரை மணி
பத்து நாலிலிருந்துதான்," என்று
பழைய போனை எடுத்தான் கேதுஷன்.
நாலு நிமிஷத்தையும் விடமாட்டான்.