கறுப்புக் கவர்

பள்ளத்தூர்ப் பையன்கள் புதுவயலுக்கு வருகிறார்கள்,
புதுவயல் பையன்கள் பள்ளத்தூருக்குப் போகிறார்கள்.
நடுவழியில் இரண்டு பஸ்ஸும்
ஒன்றையொன்று தெரியாததுபோல் கடக்கின்றன.

முதலில் விக்ஸ் மிட்டாய் கேட்பார்கள்.
அப்புறம் தலைவலி மாத்திரை.
கடை காலியானதும், "அண்ணே, அது..."
கறுப்புக் கவரில் போட்டுக் கொடுப்பேன்.
கறுப்புக் கவர் என்றாலே அதுதானென்று
ஊருக்கே தெரியும்.

இன்று ஒரு பெண்.
கல்லூரி அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாள்.
"எழுபத்திரண்டு மணி நேரம்
எப்போதிலிருந்துண்ணே கணக்கு?"
மூன்று வருஷத்தில் எனக்கு வந்த
முதல் முழுக்கேள்வி.
அப்போதிலிருந்தே, என்றேன்.
அந்த மாத்திரை நாங்கள் வைப்பதில்லை;
வைத்தால் கடைப்பெயர் கெடும் என்பார் முதலாளி.
காரைக்குடி டாக்டரம்மா விலாசத்தை
பில் முதுகில் எழுதினேன்.
கவர் வேண்டாமென்று
கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை.
ஷட்டரை இறக்கும்போது
என் விரல்கள்
எண்ணிக்கொண்டிருக்கின்றன.