பதிவு ஏதும் இல்லை

முதல் அட்டை திரும்பி வந்துவிட்டது
மேற்கு வர்ஜீனியாவிலிருந்து:
ரேகைகள் தெளிவாக இல்லை.
முப்பத்தொரு வருஷம் தாள் புரட்டிய விரல்கள்.
தாளும் உப்புத்தாளும் ஒன்றுதான் போல,
கொஞ்சம் நாளாகும், அவ்வளவே.

மறுபடியும் மைனாட் ஷெரீஃப் அலுவலகம்.
செவ்வாய், வியாழன் மட்டும், ஒன்பதிலிருந்து பதினொன்று.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
பெஞ்சில் எனக்கு முன்னால்
கேசினோவில் வேலைக்குப் போகிற ஒரு பையன்,
எண்ணெய் லாரிக்காரர்,
பிள்ளை தத்தெடுக்கக் காத்திருக்கும் கணவன் மனைவி
ஒரே ஜோடிக் கையுறையை ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு.
நல்லவர்கள்தான் எல்லோரும்.
அதை யாராவது எழுதித் தர வேண்டும்.

எங்கள் பள்ளியை மூடிவிட்டார்கள்.
பதினொரு பிள்ளைக்கு இத்தனை ஹீட்டர் எதற்கு என்றார்கள்.
ஐம்பத்து நாலு வயதில் எனக்கு ஹைஃபாங்கில் வேலை,
சின்ன வகுப்புகளுக்கு ஆங்கிலம்.
அதற்கு முன்பு,
குழந்தைகளை நான் ஒன்றும் செய்ததில்லை என்று
என் அரசாங்கம் சொல்ல வேண்டும்,
அவர்கள் தூதரகம் அதன்மேல் முத்திரை வைக்க வேண்டும்.

'அடுத்து.'
சட்டையில் பெயர்ப்பட்டை: சி. டாபெர்ட்.
கார்வின்.
நாலாம் வகுப்பு, ஜன்னலோர வரிசை.

தன் நாயைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தான்.
ஃப்ரெண்ட் என்று எழுத வந்தவன் ஓர் எழுத்தை விட்டுவிட்டான்.
நாய் என் நண்பன் என்பது
நாய் என் பிசாசு என்றாகிவிட்டது.
நான் அதைத் தூக்கிப் பிடித்து
வகுப்புக்கு வாசித்துக் காட்டினேன்.
நல்ல நகைச்சுவை என்று நினைத்தேன்.
எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.
அதன்பின் ஜூன் வரைக்கும்
ஒரு தடவைகூடக் கை தூக்கவில்லை.
இதை எந்த ஊர்க் காவல் நிலையத்தில் எழுதி வைத்திருப்பார்கள்?

அவன் என் வலது கட்டைவிரலைப் பிடித்தான்.
பிடித்தார் என்று சொல்ல வேண்டும் இப்போது,
தாடியில் ஒன்றிரண்டு நரை.
'கையைத் தளர்த்துங்கள்.
நீங்கள் உதவி செய்ய வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.'
ஒவ்வொரு விரலாக உருட்டினார்,
நகத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு.
ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறவள்
பத்து விரலாலும் கைநாட்டு வைத்தேன்.

என்னைத் தெரியுமா என்று கேட்கலாம்.
பின்னால் ஐந்து பேர் நின்றார்கள்.
தவிர, தெரியும் என்று சொல்லிவிட்டால்?

பேனா எடுத்து என் பெயரை எழுதினார்.
தலைகீழாகவே படித்துவிட்டேன், தொழில் அப்படி.
ஓல்ஸ்டாட். அதில் எல் இல்லை.

சொன்னால், மறுபடியும் நான்.
சொல்லாவிட்டால் அட்டை மறுபடியும் திரும்பி வரும்,
பிப்ரவரி போகும், வேலையும் போகும்.
இருபத்தோரு வருஷம் கழித்து
அதே பையன், அதே ஒற்றை எழுத்து,
என் கையில் மட்டும் மசி.

'ஒரு...' என்றேன். தொண்டை அடைத்தது.
'ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கு போல.'

குனிந்து பார்த்தார்.
'ஆமாம்ல' என்றார்.
அட்டையை இரண்டாகக் கிழித்தார்,
இழுப்பறையிலிருந்து புதிது எடுத்தார்.
'அட்டைக்குப் பஞ்சமில்லை.
ஆரம்பத்திலிருந்து வருவோமா?'
மறுபடியும் என் கட்டைவிரலைப் பிடித்தார்.
பத்து விரலும். அவசரமே இல்லாமல்.
கேசினோப் பையன்கூட இருமவில்லை.

ஏழு வாரம் கழித்து உறை வந்தது.
ஒரே ஒரு தாள்.
குற்றப் பதிவு ஏதும் இல்லை.
பழக்கதோஷம், பிழை இருக்கிறதா என்று
விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தேன்.
அதிலும் இல்லை.

தாளை ரொட்டி டப்பாவின்மேல் வைத்துவிட்டு
வாசலில் பனி அள்ளப் போனேன்.