கிராணி

முழங்கால் உயரம், இரண்டு சக்கரம்,
வட்ட முகத்தில் ஒற்றைக் கண்.
கூட்டுறவுக் கடனில் வாங்கியது.
மாதம் நூற்றுப் பத்து வெள்ளி,
இன்னும் பதினேழு மாதம்.

மலாய் பேசும், சீனம் பேசும், ஆங்கிலம் பேசும்.
தமிழ் வராது.
பெட்டியைப் பிரித்த அன்றே
பொன்னுரங்கம் பெயர் வைத்துவிட்டார்:
"கிராணி.
காலையில பெரட்டு எடுக்கும்,
எல்லாத்தையும் எழுதி வச்சிக்கும்,
நம்ம பாஷை மட்டும் புரியாது."

வலது கால் போய் ஒன்பது மாதம்.
முழங்காலுக்குக் கீழே
சர்க்கரை வாங்கிக்கொண்டது.
இருபத்தாறு வருஷம்
செம்பனைக் குலை லாரிக்கு பிரேக் மிதித்த கால்.

பாடாங் செராய் விடியுமுன்
கையுறைத் தொழிற்சாலை பஸ்
தாமான் முனையில் வந்து ஹாரன் அடிக்கும்.
மாத்திரை டப்பா, பிளாஸ்க்கில் மைலோ,
மூடி வைத்த சோறு,
கடைசியாகக் கிராணியின் தலையில் பொத்தான்.
பச்சை எரிந்தால்தான் செருப்பு மாட்டுவேன்.

முதல் வாரத்திலேயே பதினோரு முறை
என் போனுக்கு மலாயில் வந்தது:
ஆள் விழுந்துவிட்டார்.
சூப்பர்வைசரிடம் கெஞ்சித் திறந்து பார்த்தால்
சட்டையில்லாமல் சிமெண்டுத் தரையில்
வெயிலுக்கு மல்லாந்து கிடக்கிறார்.
விழுவதும் படுப்பதும் ஒன்றுதான் அதற்கு.
முதல் நாலு நொடிக்கு
எனக்கும்தான்.

பக்கத்து வீட்டு சரோஜினியின் பூனையை
விருந்தாளி என்று எழுதிக்கொள்ளும்.
கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே
ஒரு சாண் படி.
ஏறத் தெரியாமல் முட்டிக்கொண்டே நின்றதைப் பார்த்து
அவரே ஒரு பலகை சாய்த்துப் போட்டார்.
அவருடைய நாற்காலிக்கென்று நான் கேட்டபோது
வேண்டவே வேண்டாம் என்ற பலகை.

பன்னிரண்டாம் முறை, ஒரு செவ்வாய்க்கிழமை,
சாப்பாட்டு நேரம்.
மாவு படிந்த விரலால் திறந்தேன்.

இந்த முறை படுக்கவில்லை.
"எவனோட காலோ" என்று
கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டிருந்த அந்தக் கால்
அவர் உடம்பில் இருந்தது.
பெட்டிஐஸ் ஓரம் கிடந்தார்.
முழங்கையில் ரத்தம்.
எழுந்தார். எப்படி என்று தெரியவில்லை,
கிராணியின் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.
அது நகர்ந்தது.
"நில்லுடா" என்றார்.
நகர்ந்தது.
"பெர்ஹெந்தி" என்றார்.
நின்றது.

ஒரு எட்டு.
இன்னொன்று.
பாதி.

பிறகு குனிந்து
அந்த ஒற்றைக் கண்ணுக்குள் பார்த்து,
அதாவது லாக்கர் அறையில் நின்றிருந்த
என்னைப் பார்த்து,
தமிழில் சொன்னார்:
"அவகிட்ட மட்டும் சொல்லிடாதே."

சாயங்காலம் முழுக்கைச் சட்டையில் இருந்தார்,
அந்தப் புழுக்கத்தில்.
இன்னைக்கு என்ன பண்ணீங்க என்றேன்.
"என்னத்த, சும்மாதான் கிடந்தேன்."
தேத்தண்ணியை ஆற்றிக் கொடுத்தேன்.

அவர் தூங்கியபின் போனில் தேடி
பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை என்று குறித்தேன்.
கண்ணும் காதும் மட்டும் மூடட்டும்,
சக்கரம் விழித்திருக்கட்டும்.
காரணம் கேட்டது.
தனிமை, மின்சேமிப்பு, மற்றவை.
மற்றவை என்பதை அழுத்தினேன்.

அந்த ஒரு மணி நேரம்
நிம்மதியாகச் சாப்பிடுகிறேன் என்று சொன்னால் பொய்.
ஒவ்வொரு வாயும் நின்று நின்றுதான் இறங்குகிறது.
விழுந்தால் எனக்குத் தெரியாது.
அதை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒரு மணிக்குக் கிராணி கண் திறக்கிறது.
நாற்காலியில் இருக்கிறார், வியர்த்து.
பூனை இருக்கிறது.
பலகையின் மேல்
அடுக்களைப் பக்கம் பார்த்தபடி
நேற்று இல்லாத ஒரு சப்பாத்துத் தடம்.
வலது.