நேர் விமானம் வேண்டாம்

தொண்ணூறடி ரோட்டில் என் கடை.
ஒரு கணினி, ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.
தகரக் கூரைக்கு மேல் விமானம் இறங்கும்போதெல்லாம்
எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்துவார்.
சக்கரம் தெரிகிற உயரம்.
பிறகு விட்ட இடத்திலிருந்து விலை கேட்பார்.

இசக்கியப்பன் விலை கேட்பதில்லை.
தோல் பட்டறையில் கணக்கு எழுதுகிறவர்,
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே கேள்வி:
"தங்கச்சி, கராச்சிக்கு எவ்வளவு தூரம்?"

எண்ணூற்று எண்பது கிலோமீட்டர் அண்ணே.
நேரே பறந்தால் ஒன்றரை மணி நேரம்.
அங்கே கடிகாரம் நமக்கு அரை மணி பின்னால்,
பத்துக்கு ஏறினால் பதினொன்றுக்கு இறங்கிவிடலாம்.
"சயானிலிருந்து விராருக்கே அவ்வளவு ஆகுதே" என்பார்.

நேரே எதுவும் பறப்பதில்லை.
பொத்தானைத் தட்டினால் திரை சொல்லும்:
துபாய் வழி, மூவாயிரத்து நூறு கிலோமீட்டர்,
காத்திருப்பையும் சேர்த்துப் பதினோரு மணி நேரம்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கை.
விசா என்ற சொல்லை
நானும் எடுப்பதில்லை, அவரும் எடுப்பதில்லை.

அங்கே செண்பகம் இருக்கிறாள்.
இவர் தாத்தாவும் அவள் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள்.
திருநெல்வேலியில் ஒரே ரயிலில் ஏறி
ஒருவர் பம்பாயில் தங்க,
மற்றவர் துறைமுக வேலைக்கென்று கப்பலேறினார்.
அன்றைக்கு அதற்குப் பாஸ்போர்ட் கிடையாது.
அவள் குரலை எனக்கும் போட்டுக் காட்டினார்:
"கரண்ட் போயிட்டுண்ணே, பெறவு பேசுதேன்."
இத்தனை வருஷத்தில் அந்தப் 'பேசுதேன்'
'பேசறேன்' ஆகவில்லை.

இந்த ஆவணியில்
பட்டறை அவரைப் பஹ்ரைனுக்கு அனுப்புகிறது.
நேர் விமானம் இருக்கு அண்ணே, நாலு மணி நேரம்.
"நேர் விமானம் வேண்டாம். துபாயில் நிற்கிறதாப் போடு.
புதன்கிழமை.
அவள் குவைத்துக்கு மகனிடம் போகிறாள்."

முதல்முறையாக, நிறுத்தம் நீளமான டிக்கெட்டை
நான் தேடினேன்.
கராச்சியில் அவளுக்குப் பதிவுசெய்கிறவனோடு
என் தாராவி இந்தியும் அவன் உருதுவும்
பாதி ராத்திரிவரை.
அவளுக்கு மூன்றாவது முனையம், இவருக்கு முதலாவது.
விமானத்தை மாற்றினேன், நாலாயிரம் கூட.
ஒரே முனையத்தில், ஒரே நேரத்தில்
இரண்டு மணி பத்து நிமிடம்.
அவ்வளவுதான் வளைந்தது வானம்.

பத்து நாள் கழித்து வந்தார்.
சட்டையில் இன்னும் மடிப்புத் தடம்.
பார்த்தீங்களா?
"இங்கே மழை. நாற்பது நிமிஷம் ஓடுபாதையிலேயே நிறுத்திட்டான்.
ஒன்றரை மணி நேரம்தான் மிச்சம்."
முதலில் என்ன சொன்னாங்க?
"போனில் நீ இன்னும் குண்டு அண்ணே என்றாள்."
அப்புறம்?
அப்புறம் எதுவும் சொல்லவில்லை,
கைப்பையைத் திறந்தார்.

இவர் மாட்டுங்காவில் வாங்கிப் போனது
பம்பாய் அல்வா, அரைக் கிலோ.
அவள் கொடுத்தனுப்பியது
கராச்சி அல்வா, அரைக் கிலோ.
அதே ஆரஞ்சு, அதே நெய், அதே முந்திரி,
இழுத்தால் வராத அதே ரப்பர்.
"எடையில்கூட மாற்றமில்லை தங்கச்சி.
சும்மா கொண்டுபோய்ச் சும்மா கொண்டுவந்தேன்" என்று
ஆளுக்கொரு துண்டு வெட்டினார்.

கூரைக்கு மேல் விமானம் ஒன்று இறங்கியது.
பல்லில் ஒட்டிக்கொண்டது அல்வா.
எப்படியும்
பேச முடிந்திருக்காது.