உப்பு கேட்கும் தட்டு

சேலத்தில் கடல் இல்லை.
சேர்வராயன் மலையேறி நின்றாலும்
கிழக்கே தெரிவது மூட்டம்தான்.
பெரியாஸ்பத்திரி இரண்டாம் மாடியில்
முப்பத்தேழு டிகிரிச் சூட்டில்
ஒரு பெட்டிக்குள் மட்டும்
திங்கள் இரவிலிருந்து
கொஞ்சம் கடல் இருந்தது.

சீட்டில் எழுதியிருந்தது:
சென்றாயன், நாற்பத்தாறு, செவ்வாய்ப்பேட்டை.
இடது கணுக்கால். கொப்புளத்து நீர்.
தொழில் என்ற இடத்தில் யாரோ
‘வெள்ளி’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.
சீட்டு முழுக்கக் கிழமைகள் என்று நினைத்தேன்.

கொலுசுப் பட்டறையாம்.
வராந்தாவில் அவர் மனைவி இளஞ்சியம் சொன்னாள்.
சனிக்கிழமை கம்பி இழுக்கையில்
தெறித்த நுனி கணுக்காலைக் கீறியது.
ஒரு நகத்தின் நீளம்.
ஞாயிறு பட்டறையே வேன் பிடித்துத்
தரங்கம்பாடி போனது.
“உப்புத்தண்ணி பட்டா ஆறிடும், எறங்குடா”
என்று யாரோ சொன்னார்களாம்.
யாரென்று அவள் சொல்லவில்லை.
மூன்று நாளாக வாசலில் நின்று
அவளுக்கு டீ வாங்கித் தந்துகொண்டிருந்தவர்
என் முகத்தைப் பார்க்கவில்லை.

எரிந்திருக்கிறது.
எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்றுதானே
எல்லோரும் வளர்ந்தோம்.
திரும்புகையில் ஆத்தூர் தாண்டியதும்
செருப்பு வார் இறுகியது.
விடிகையில் கொப்புளங்கள்
நாவல்பழ நிறத்தில்.
கல்லீரல் ஏற்கெனவே பழுது. அது வேறு கதை.
இல்லை, வேறு கதை இல்லை.

உப்பில்லாத தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை.
உப்பிட்ட தட்டில்
ஒரே ராத்திரியில் ஊர் கூடிவிட்டது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் சாதி.
லென்சுக்கடியில் வளைந்த குச்சிகள்,
ஒவ்வொன்றும் ஒரு காற்புள்ளி.
கால், புள்ளி என்று பிரித்துப் படித்து
வாயை மூடிக்கொண்டேன்.
கண்ணாடி மேல் சொட்டு மருந்தில் குழைத்து
லூப்பைத் தூக்கினால்
நூலாக எழுந்தது, அறுபடாமல்.
வெள்ளிக் கம்பியும் இப்படித்தான் வரும் போல.

புதன் மாலை நாலு மணிக்கு
அறிக்கையோடு வார்டுக்கு ஓடினேன்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
டாக்டர் பெனாசிர் வாசித்தார், தலையசைத்தார்.
“இதாத்தான் இருக்கும்னு
அந்த மருந்தையே போட்டுட்டேன்.”
செவ்வாய் விடிவதற்குள்
முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது.
எனக்காகக் காத்திருந்தால் ஆள் இல்லை.
என் பதில் சரி.
காலுக்குப் பிறகு வந்த சரி.

தட்டுகளைக் கொதிகலனில் அடுக்கினேன்.
நூற்று இருபத்தொரு டிகிரி,
கால் மணி நேரம்.
கடல் வாசனை எனக்குத் தெரியாது, பார்த்ததில்லை.
அறையில் எழுந்தது
வெந்த ஜவ்வரிசி போல ஒன்று.

வீட்டுக்குப் போகும் நாளில்
சக்கர நாற்காலியை
என் கதவருகே நிறுத்தச் சொன்னார் சென்றாயன்.
“அது என்ன கலருங்க?”
“பச்சை.”
“கடல் மாதிரியா?”
“மாம்பிஞ்சு மாதிரி.”
கொஞ்ச நேரம் யோசித்தார்.
“நம்மூர்க் கலருதான்” என்றார்.
இளஞ்சியம் நாற்காலியைத் தள்ளினாள்.
அவள் கால்களில் கொலுசு இருந்ததா என்று
பார்க்கக்கூடாது என்று நினைத்துப்
பார்த்தேன்.
இருந்தது.

தை மாதம் மகள் ஒரு காகிதம் நீட்டினாள்.
பள்ளிச் சுற்றுலா, தரங்கம்பாடி,
பெற்றோர் கையொப்பம்.
“காலைக் காட்டு” என்றேன்.
“எதுக்கு?”
குதிகாலில் ஷூ கடித்த இடம்,
இன்னும் சிவப்பு மாறாமல்.
கையெழுத்துப் போட்டேன்.
கீழே, ‘கடலில் கால் நனைக்க வேண்டாம்’
என்று எழுதினேன்.
அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
போக இன்னும் ஒன்பது நாள் இருந்தது.
எழுதியதை அடித்துவிட்டு
ஷூவுக்குள் கை விட்டு
உறுத்தும் தையலைத் தேடினேன்.