வால்வு உட்காரவில்லை

ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டிவிட்டார்
டாக்டர் ஹமீதா.
"நீங்களே கேளுங்க, மெக்கானிக்தானே."

திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து
முனையை எஞ்சினில் ஊன்றி
முப்பது வருஷம் கேட்டவன் நான்.
லப்புக்கும் டப்புக்கும் நடுவே
ஒரு சீறல்.
வால்வு உட்காரவில்லை.
தள்ளிய ரத்தத்தில் கொஞ்சம்
வந்த வழியே திரும்புகிறது.

"கழற்றித் தேய்க்கலாமா?"
வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
"இங்க முடியாது. மாத்திரைதான்.
வால்வு சரியாகாது, சுமை குறையும்."

சுக்கான் மேசைமேல் நின்று
சுவரில் கோழிக்கழிச்சல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.
பன்னிரண்டு வயது. பாதி பொமரேனியன்,
மீதி மண்டபம் ரயிலடியில் யாரோ.
இருமியபோது மீன்முள் என்றுதான்
ஒரு மாசம் வாழைப்பழம் ஊட்டினோம்.

*

நெஞ்சைத் தெம்பாக அழுத்தவைக்கும் மாத்திரை
மதுரையிலிருந்து பஸ்ஸில் வரும்,
கண்டக்டர் சட்டைப்பையில், வெற்றிலையோடு.
காலை ஆறு, மாலை ஆறு, வெறும் வயிறு.
நீர் பிரிக்கும் மாத்திரை மனுஷருக்கும் அதுவேதான்.
"யாருக்கு?" என்றான் மெடிக்கல் ரொசாரியோ.
"வீட்டில் ஒருத்தருக்கு."
"பிரஷரா?"
"மூச்சு."

உப்பு ஆகாது என்றார்கள்.
இதை எந்த ஊரில் வந்து சொல்கிறார்கள்!
கருவாடு காயும் மணலை விட்டு
தண்டவாள ஓரமாகச் சுற்றிப் போகிறோம்.
அது மூக்கை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு
நடக்கிறது.
பிரகாசி காரல் மீனை உப்பில்லாமல் அவித்து
முள் எடுக்கிறாள்.
எனக்கு ஒரு நாள்கூட முள் எடுத்ததில்லை.

நீர் மாத்திரை ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைப் பிறாண்டும்.
திறந்து விடுவேன். ஒரே கம்பம்,
மூன்று கால், நெடுநேரம்.
நானும் நின்றுகொண்டிருப்பேன்.
கச்சான் காற்றில் கொடிக் கயிறு
விசில் மாதிரி.

தூங்கும்போது மூச்சை எண்ணணும்.
நிமிஷத்துக்கு முப்பது தாண்டினால் போன் பண்ணணும்.
டீசல் கணக்கு நோட்டின் பின்பக்கம்
பிரகாசி எழுதுகிறாள்:
22. 24. 23. கரண்ட் இல்லை. 26.

*

தடைக்காலம் மற்றவர்களுக்கு ஓய்வு.
எனக்கு அறுபத்தொரு நாள் கல்யாணவீடு.
சகாயமாதா, முனியசாமி துணை, பாத்திமா பீவி
எல்லோரும் வயிற்றைத் திறந்து கிடக்கிறார்கள்.
அன்றைக்கு நாகவல்லியின் ஆறு வால்வுகள்.
பசை தடவி, உருட்டி உருட்டித் தேய்த்து,
டீசல் ஊற்றிக் கசிகிறதா பார்த்து
துடைத்து நிமிர்ந்தால் மணி பத்தரை.
பிரகாசி பாம்பனில், தங்கை வீட்டில்.
மாத்திரை பட்டையில்,
பட்டை என் பையில்.

நாற்பத்தாறு.
மறுபடி எண்ணினேன். நாற்பத்தேழு.
படுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது,
முழங்கையை அகட்டி, கழுத்தை நீட்டி.
என்னைப் பார்த்து வாலை வேறு ஆட்டியது.

டாக்டர் தூக்கக் குரலில் சொன்னார்:
விட்ட மாத்திரையை இப்பவே குடுங்க.
நீர் மாத்திரை கூட ஒன்று.
ஈறு நீலமானால் காத்திருக்காதீங்க, கிளம்பி வாங்க.
ஆட்டோ சேக்காதியை எழுப்பி
வாசலில் நிறுத்தி வைத்தேன்.
ஈறு வெளுத்திருந்தது. நீலமில்லை.
பன்னிரண்டு மணிக்கு நாற்பது.
கம்பத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.
இரண்டரைக்கு முப்பத்தைந்து.
சேக்காதி பின்சீட்டில் குறட்டை விட்டான்.
முதல் ரயில் போகும்போது முப்பத்தொன்று,
தலையைக் கீழே வைத்துவிட்டது.
நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன்.
மறந்தது யார் என்பதை மட்டும் எழுதவில்லை.
கையெழுத்தைப் பார்த்ததும் பிரகாசிக்குத் தெரிந்துவிட்டது.

*

தடை முடிந்த விடியலில்
வடக்குத் துறை முழுக்க ஒரே நேரத்தில் உறுமியது.
நான் தேய்த்தவை எல்லாம் உட்கார்ந்திருந்தன.
பாத்திமா பீவியில் மட்டும் லேசாய் ஒரு தட்டல்,
வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

சுக்கான் வேஸ்ட் துணிச் சாக்கின்மேல் தூங்கியது.
காது எப்போதோ போய்விட்டது அதற்கு.
புகையும் இருட்டுமாய் விலா தெரியவில்லை.
கையை வைத்து எண்ணினேன்.
இருபத்தேழு, அல்லது இருபத்தெட்டு.
நடுவில் ஒரு கொட்டாவி.
அதைக் கணக்கில் சேர்ப்பதா என்று
டாக்டரிடம் கேட்கவேண்டும்.