மணிக்கட்டில் மார்ச்

தேனீயாக இருந்தால் கொட்டிய கையோடு செத்திருக்கும்.
இது குளவி.
கனிந்த ராஸ்பெரிக்குள் தலைகீழாய்க் குடித்துக்கொண்டிருந்தது.
நான் பழத்தைப் பறித்தேன்.
அது என்னைக் கொட்டிவிட்டு
அடுத்த செடிக்குப் போனது.
இரண்டு பேரும் வேலைக்கு வந்தவர்கள்தான்.

எல் போல்சோனில் அன்று மார்ச் ஒன்பது.
மேஸ்திரி ஒசோரியோ வினிகர் ஊற்றினார்,
தாளில் ‘காயம்: இல்லை’ என்று எழுதினார்,
சிந்திய பழத்துக்கு ஒன்றரை கிலோ கழித்தார்.
ஐந்தாம் நாள் வீக்கம் வடிந்தது.
முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

நான்கு வருடம்.
நாடி பார்க்கும் இடத்துக்கு ஒரு விரல் தள்ளி
மிளகாய் இருந்தது துவரையாகி
இப்போது கொண்டைக்கடலை.
நிறம், குடுவையில் மறந்துபோன மாத்தே இலை.
பகலில் தொட்டால் கல்.
இரவு மூன்று மணிக்கு அதற்கு உயிர் வரும்.

சீப்பு. பாத்திரம் தேய்க்கும் நார்.
ஒருமுறை முள்கரண்டி.
சொறிவதில் ஒரு சுகம் இருக்கிறது,
அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
அது முடிகிற இடத்தில் ரத்தம்.

பரிலோச்சேவுக்கு இரண்டு மணி நேரப் பேருந்து.
டாக்டர் முதலில் களிம்பு தந்தாள்:
சுற்றியிருந்த தோல் வெங்காயச் சருகாய் மெலிந்தது,
கட்டி அசையவில்லை.
அடுத்த வருடம் ஊசி:
நிலா கோட்டை கட்டியதுபோல் ஒரு வெள்ளை வட்டம்,
மழைதான் வரவில்லை.
பிறகு ஒரு துண்டு வெட்டியெடுத்து இரண்டு தையல் போட்டாள்.
தையல் தழும்பும் தடித்து
பக்கத்தில் இருப்பதைப் பார்த்து
நமைக்கக் கற்றுக்கொண்டது.

“புற்று இல்லை” என்றாள்.
“கொடுக்கும் உள்ளே இல்லை, விஷமும் இல்லை.
இல்லாத ஒன்றோடு உங்கள் தோல்
இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.”

நான் சிரித்ததன் காரணம் அவளுக்குப் புரியவில்லை.
எராக்லியோ என்னை விட்டுப் போய் ஏழு வருடம்.
நேற்றுகூடத் தட்டுக் கழுவும்போது
அவனுக்கு ஒரு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்,
நல்ல பதில்.

அந்தக் குளவி அதே மே மாதத்து உறைபனியில் செத்திருக்கும்.
அதன் கூடும், கூட்டத்தாரும்.
பகையை மட்டும் நான்
கூலியில்லாமல் பராமரிக்கிறேன்.

வெட்டிய துண்டு பரிலோச்சேயில் இருக்கிறது,
இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, ஊதாச் சாயம் ஏறி,
ஏதோ ஓர் இழுப்பறையில்.
எதெல்வினா என்ற பெயரை எல்வினா என்று எழுதியிருந்தார்கள்.
நான் திருத்தவில்லை.
மூன்று மணிக்கு
அந்த எல்வினாவாவது தூங்கட்டும்.

பருவம் மறுபடி தொடங்கிவிட்டது.
சட்டைக் கையை இழுத்து ரப்பர் வளையம் மாட்டியிருக்கிறேன்.
பறிக்குமுன் ஒவ்வொரு பழத்தையும்
நகத்தால் ஒரு தட்டு தட்டுகிறேன்,
உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று.
கிலோ குறைகிறது.
ஒசோரியோ பார்க்கிறார்.
பார்க்கட்டும்.